அஞ்சு மாதப் பிள்ளைக்கு முரசு (ஈறு) துடைக்கிறது எப்படி? நாக்கில வெள்ளையும் இருக்கு

களுவாஞ்சிக்குடி தாய்:

பிள்ளைக்கு அஞ்சு மாதமும் பத்து நாளும். தாய்ப்பால்தான், ராவில படுக்க முதல் ஒரு தரம் மட்டும் போத்தல்ல பால்மா. நாக்கு நடுவில வெள்ளையாப் படிஞ்சிருக்கு. கீழ் முரசில முன்பக்கம் தடிச்ச மாதிரி இருக்கு, வாணி வடியுது, கைக்கு அகப்பட்டதையெல்லாம் கடிக்கிறான். வீட்டில ஆளுக்கொரு வைத்தியம். மாமி தேன் தடவச் சொல்றா. அம்மம்மா வசம்பைச் சுட்டு உரைச்சு நாக்கில வைக்கச் சொல்றா. பார்மசியில முரசு மரக்கிறதுக்கு ஒரு ஜெல் தந்தவங்க, இன்னும் உடைக்கல்ல.

எனக்குத் தெரிய வேண்டியது: பல்லே இல்லாத வாயைத் துடைக்க வேணுமா, எதால, எத்தனை தரம்? அந்த வெள்ளை பாலா, வேற ஏதுமா? ஜெல் பூசலாமா? பல்லு முளைச்சா பேஸ்ட் எப்ப, எவ்வளவு?

மிட்வைஃப்_வாழைச்சேனை:

தங்கச்சி, முதல்ல அந்த வெள்ளையைப் பார்ப்பம். பால் குடிச்சு அரை மணித்தியாலம் போன பிறகு, யன்னல் வெளிச்சத்தில வச்சு, ஈரத்துணி சுத்தின விரலால நாக்கை மெல்லத் தடவிப் பாருங்க. வெள்ளை துணியோட வந்து, அடியில நாக்கு வழமையான இளஞ்சிவப்பா இருந்தா அது பால். அதுக்கு மருந்து ஒண்டும் தேவையில்ல. தயிர்த்துணுக்கு ஒட்டின மாதிரி கன்னத்து உட்பக்கம், உதட்டு உட்பக்கம், அண்ணம் எண்டு பரவியிருந்து, துடைச்சும் போகாம, அழுத்தினா அடியில சிவந்து ரத்தம் கசிஞ்சா அது பூஞ்சை. அப்ப மேல சுரண்டாம டொக்டரிட்டக் காட்டுங்க. நிஸ்டட்டின் சொட்டு மருந்து தருவாங்க. பால் குடுத்த பிறகுதான் அதை விடணும், முதல்ல விட்டா பாலோட கழுவுப்பட்டு வயித்துக்குப் போயிரும். வெள்ளை மறைஞ்ச பிறகும் இன்னும் ரெண்டு நாள் தொடரணும். முக்கியமா உங்கட முலைக்காம்பு எரியுதா, மினுமினுப்பாச் சிவந்திருக்கா எண்டும் டொக்டரிட்டச் சொல்லுங்க. தாயையும் பிள்ளையையும் ஒரே நேரத்தில பார்க்காட்டி, பிள்ளையிட வாயால தாய்க்கும் தாயிட்ட இருந்து திரும்பப் பிள்ளைக்கும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். போத்தல் முலை, சூப்பி எல்லாத்தையும் அவிக்கணும். வாய்ப்புண்ணுக்கெண்டு பொரக்ஸ் கலந்த கிளிசரின் பூசுற பழைய வழக்கம் சில வீடுகள்ல இன்னும் இருக்கு. பொரக்ஸ் குழந்தைக்கு நஞ்சு, அதைக் கிட்டவும் எடுக்காதீங்க.

இனித் துடைக்கிறது. நேராச் சொன்னா, பல்லு இல்லாத வாயில சூத்தை வராது. அப்ப ஏன் துடைக்கிறம்? பிள்ளை வாய்க்குள்ள கை வாறதுக்குப் பழகுது, நீங்க தினமும் வாயைப் பார்க்கப் பழகுறீங்க. ஏழாம் மாதம் பிரஷைக் கொண்டு போகக்குள்ள அது வேற்றுப்பொருளா இராது. ஒரு வயசில முதல்முதலா வாயைத் திறக்க வைக்கிற பாடு பட்டவங்களுக்கு இது விளங்கும்.

துணி கோஸ் துணியா இருக்கலாம், இல்லாட்டி துவைச்சுத் துவைச்சு மெத்தெண்டு போன வெள்ளை வேட்டித் துண்டு. அஞ்சு சென்ரிமீற்றர் சதுரமா பத்துத் துண்டு வெட்டுங்க. பாவிச்ச துண்டுகளைச் சவுக்காரம் போட்டுத் துவைச்சு, பத்து நிமிசம் கொதிக்க வச்சு, வெயில்ல காயவச்சு மூடியுள்ள டப்பாவில போடுங்க. பஞ்சு வேணாம், நார் கழண்டு தொண்டைக்குப் போகும். கடையில விக்கிற ஈரத்தாளும் வேணாம், அதில வாசனை போட்டிருக்கு. தண்ணி கொதிச்சாறினது அரைக் கோப்பை போதும். உப்பு, பேஸ்ட் ஒண்டும் கலக்கக் கூடாது.

கை கழுவுறதுதான் வீடுகள்ல தவறுற இடம். நகம் ஒட்ட வெட்டியிருக்கணும், மோதிரம் கழட்டணும், சவுக்காரத்தால இருபது செக்கன் தேய்க்கணும். வெத்திலை போடுற பெரியவங்க துடைக்கிறதெண்டா விரல்ல சுண்ணாம்பு ஒட்டியிருக்கா எண்டு கட்டாயம் பாருங்க. கொஞ்சச் சுண்ணாம்பே குழந்தையிட முரசைப் பொத்துப் போக வைக்கும்.

பிள்ளையை மடியில வச்சு, தலை உங்கட இடது முழங்கைக்குள்ள இருக்கிற மாதிரிப் பிடியுங்க. துணியைச் சுட்டுவிரல்ல சுத்தி நனைச்சுப் பிழியுங்க, சொட்டக் கூடாது. மேல் முரசை ஒரு கரையில இருந்து மற்றக் கரைக்கு ஒரு இழுவை, துணியைத் திருப்பிக் கீழ் முரசு, பிறகு ரெண்டு கன்னத்து உட்பக்கம், கடைசியா நாக்கிட முன் பாதி. அதுக்கு அங்கால போனா ஓங்காளிக்கும், வயிறு நிறையப் பால் இருந்தாச் சத்தியும் எடுக்கும். அதனாலதான் பால் குடிச்ச கையோட துடைக்க வேணாம் எண்டுறது. மொத்தம் அரை நிமிசம். காலையில ஒரு தரம், ராப் பால் குடிச்சுக் கொஞ்சம் பொறுத்து ஒரு தரம். பிள்ளை வீரிட்டு அழுதா விட்டிட்டு அடுத்த நேரம் செய்யுங்க, இறுக்கிப் பிடிச்சுச் செய்தா அடுத்த நாள் உதட்டையே திறக்காது.

துடைக்கக்குள்ள கண்ணில படுற சில விசயம். பிறந்த கிழமைகள்ல அண்ணத்து நடுக்கோட்டிலயோ முரசு மேலயோ வெள்ளை முத்து மாதிரிப் புள்ளி இருந்தா அது பல்லும் இல்ல, பூஞ்சையும் இல்ல. சில கிழமையில தானாப் போகும், ஊசியால குத்தாதீங்க. பல்லு வரப்போற இடத்தில நீலமாக் கொப்புளம் மாதிரி வந்தா அதுவும் பல்லு மேல வரக்குள்ள தானா உடையும். பிறக்கக்குள்ளயே பல்லோட பிறந்த பிள்ளையை மட்டும் பல் வைத்தியர் பார்க்கணும். ஆடுற பல்லு கழண்டு மூச்சுக்குழாய்க்குள்ள போகலாம், இல்லாட்டி நாக்குக்குக் கீழ உரசிப் புண்ணாக்கும்.

பல் வைத்தியம்_கல்முனை:

மேலே சொன்னவற்றோடு முழுதாக உடன்படுகிறேன். நான் ஜெல்லில் இருந்து தொடங்குகிறேன்.

அதை உடைக்காமலே வையுங்கள். பெட்டியில் பென்சோகெய்ன் என்றிருந்தால், அது குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் சக்தியைக் கெடுக்கக் கூடியது. உதடும் நகமும் நீலமாகும், மூச்சு வாங்கும். 2 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதைப் பாவிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. லிக்னோகெய்ன் என்றிருந்தால் அதன் ஆபத்து வேறு: விழுங்கும்போது தொண்டை மரத்துப் பால் புரையேறும், அளவு கூடினால் வலிப்பு வரும், இதயத்தையும் தாக்கும். கோலின் சலிசிலேற் அஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது, அதுவும் பிள்ளைகளுக்கு ஆகாது. தாய்மார் வேண்டுமென்று அளவைக் கூட்டுவதில்லை. பல் முளைக்கும் வாயில் எச்சில் அவ்வளவு ஊறுவதால் பூசிய ஜெல் சில நிமிடத்தில் கழுவுப்பட்டு வயிற்றுக்குப் போகிறது, பிள்ளை திரும்ப அழுகிறது, தாய் திரும்பப் பூசுகிறார். ஒரு மாலைக்குள் அளவு ஏறிவிடும். கராம்புத் தைலமும் அப்படித்தான், பெரியவர்களின் பல்லுக்குத் துளி வைப்பது போல் குழந்தையின் முரசில் வைத்தால் தோல் வெந்துபோகும்.

வலி குறைய, கழுவிய விரலால் தடித்த இடத்தை ஒன்றிரண்டு நிமிடம் மெல்ல அழுத்தித் தேயுங்கள். அல்லது நனைத்துப் பிழிந்த துணியை பிரிட்ஜின் கீழ்த்தட்டில் 20 நிமிடம் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது, உறைந்த பொருள் முரசைக் காயப்படுத்தும். கடிக்கும் வளையம் வாங்கினால் ஒரே வார்ப்பில் செய்த சிலிக்கோன் வளையமாக வாங்குங்கள், உள்ளே நீர் நிரப்பியது கடித்து ஓட்டையாகும். கரட் துண்டு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். முளைத்த இரண்டு பல்லுக்கு அதைச் சீவி எடுக்க முடியும், அரைக்க முடியாது. சிக்கினால் மூச்சு நிற்கும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 'பல்லுக் காய்ச்சல்' என்று ஒரு காய்ச்சல் இல்லை. பல் முளைக்கும்போது உடம்பு சற்றுச் சூடாகலாம், 38 பாகை செல்சியசைத் தாண்டினால் காரணம் வேறு. வயிற்றோட்டமும் பல்லால் வருவதில்லை. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கும் வயதும் பல் முளைக்கும் வயதும் ஒன்றாக வருவதால் அப்படித் தோன்றுகிறது. நம் பக்கம் மாரி மழைக்குப் பிறகு டெங்கு கூடும் காலத்தில் 'பல்லுக்குத்தான்' என்று இரண்டு நாள் வீட்டில் வைத்திருப்பது மிகவும் ஆபத்தானது. பரசிற்றமோல் கொடுப்பதென்றால் பிள்ளையின் நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணித்தியால இடைவெளியில், நாளுக்கு நான்கு தடவைக்கு மேல் இல்லை. 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி என்றால் 8 கிலோப் பிள்ளைக்கு 5 மில்லிலீற்றர். போத்தலில் உள்ள செறிவை வாசித்துப் பார்த்த பின்தான் ஊற்ற வேண்டும், 250 மில்லிகிராம் பாணியும் கடைகளில் உண்டு. மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து கொடுத்துப் பார்க்காமல் நேரே ஆஸ்பத்திரி.

பேஸ்ட் முதல் பல் வெளியே தெரியும் நாளில் தொடங்கும். பெரும்பாலும் 6 முதல் 10 மாதத்துக்குள் கீழ் முன்பல் இரண்டு வரும், பிறகு மேல் முன்பற்கள். இருபது பாற்பல்லும் முடிய இரண்டரை, மூன்று வயது ஆகும். ஒரு வயதில் ஒன்றும் வராவிட்டால் பயப்பட வேண்டாம், 18 மாதத்தில் வராவிட்டால் காட்டுங்கள். பிரஷின் தலை உங்கள் பெருவிரல் நக அளவு, நார் மிக மென்மையானது. பேஸ்ட் புளோரைட் 1000 பி.பி.எம். உள்ளதாக இருக்கட்டும், குழாயின் பின்புறம் எழுதியிருக்கும். அளவு ஒரு சம்பா அரிசி மணி. அதில் 0.1 மில்லிகிராம் புளோரைட்தான் இருக்கும், முழுவதையும் விழுங்கினாலும் பயமில்லை. விளம்பரத்தில் பிரஷ் முழுவதும் சுருளாகப் பிதுக்கிக் காட்டுவது கிட்டத்தட்ட ஒரு கிராம், அதாவது பத்து மடங்கு. மூன்று வயதுக்குப் பிறகு பட்டாணி அளவு. பிரஷ் செய்த பின் துணியால் நுரையை ஒற்றி எடுங்கள், தண்ணீர் விட்டு அலசத் தேவையில்லை. உமிக்கரியும் உப்பும் பாற்பல்லின் மெல்லிய மிளிரியை (எனாமலை)த் தேய்த்துவிடும்.

இப்போது அந்த ராப் போத்தல். உங்கள் கேள்வியில் எனக்கு அதிகம் கவலை தருவது நாக்கின் வெள்ளை இல்லை, இதுதான். இன்றைக்குப் பல் இல்லாததால் கேடில்லை, இன்னும் இரண்டு மாதத்தில் நிலைமை மாறும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது மிகவும் குறைகிறது. பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்குகிறது. கிருமிகள் அதன் இனிப்பை அமிலமாக்குகின்றன, அமிலத்தைக் கழுவ எச்சில் இல்லை. கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காக்கிறது, அதனால் சூத்தை பெரும்பாலும் மேல் முன்பல் நான்கில் தொடங்கும். முதலில் முரசை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போல வெள்ளைக் கீற்று. பிறகு மஞ்சள், கபிலம், ஒரு நாள் பல் முறிந்து நிற்கும். வெள்ளைக் கீற்றாக இருக்கும்போது வந்தால் புளோரைட் வார்னிஷ் பூசி நிறுத்திவிடலாம். வீட்டில் அதைக் கண்டுபிடிப்பது மிக எளிது: மாதம் ஒரு தடவை, மேல் உதட்டைத் தூக்கி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் கீற்று தெரியாது.

ஆகவே ராப் பாலைக் கையில் வைத்துக் கொடுத்து, முடிந்ததும் போத்தலை எடுத்து, கொஞ்சம் பொறுத்துத் துடைத்து, அதன் பிறகு படுக்க வையுங்கள். வாயில் போத்தலோடு தூங்க விட வேண்டாம். பாலில் சீனி, மாரி பிஸ்கட் கரைத்தல், போத்தலில் பிளேன்ரீ, சீனி போட்ட கொத்தமல்லித் தண்ணீர், சூப்பியைச் சீனியில் தொட்டு வைத்தல், இவற்றில் ஒன்றுகூட வேண்டாம். ராவில் தாய்ப்பால் குடிக்கும் பிள்ளையின் தாய்மார் பயந்து பாலை நிறுத்தக் கூடாது. இரண்டு வயதுக்கு மேலும் கொடுங்கள், படுக்க முதல் பல்லைத் துலக்கிவிடுங்கள், அது போதும். போத்தலை ஒரு வயதில் விட்டுக் கோப்பைக்கு மாற வேண்டும். ஒரு வயது தாண்டியும் ராப் போத்தல் கேட்டு அழும் பிள்ளைக்கு, ஏழெட்டு நாளில் பாலில் சிறிது சிறிதாகத் தண்ணீரைக் கூட்டி வெறும் தண்ணீராக்கிவிடலாம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பால்மாவில் இதைச் செய்யவே கூடாது, டின்னில் உள்ள அளவுதான் அதன் உணவு.

'விழுற பல்லுத்தானே' என்பவர்களுக்கு: பின்பக்கப் பாற்பற்கள் 10, 12 வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. முன்னதாகப் போனால் மற்றப் பற்கள் சாய்ந்து நிலைப்பல்லின் இடத்தைப் பிடிக்கும். வேரில் சீழ் வைத்தால் அடியில் வளரும் நிலைப்பல்லையும் பழுதாக்கும்.

அக்கரைப்பற்று ராத்தா:

அஸ்ஸலாமு அலைக்கும். தேனைப் பத்தி யாரும் சொல்லல்லயே. எங்கட வீடுகள்ல பிறந்த உடனே ஈத்தம்பழம் தொட்டு வைக்கிறது சுன்னத்து. ஈத்தம்பழம் இல்லாட்டித் தேன் தொட்டு வைப்பாங்க. அது பிழையா?

மிட்வைஃப்_வாழைச்சேனை:

வஅலைக்கும் சலாம் ராத்தா. ஒரு வயசு முடியிற வரைக்கும் தேன் வேணாம், ஒரு துளியும் வேணாம். தேன்ல பொட்டுலிசம் கிருமியிட வித்து இருக்கலாம். பெரியவங்கட குடல்ல அது முளைக்காது, குழந்தையிட குடல்ல முளைச்சு நஞ்சை விடும். மலச்சிக்கல் வரும், பால் உறிஞ்சிற பலம் குறையும், கண் இமை சோரும், பிறகு மூச்சு விட ஏலாமப் போகும். காய்ச்சினாலும் அந்த வித்துச் சாகாது. காட்டுத் தேன், கடைத் தேன் எண்டு வித்தியாசம் இல்ல.

கிளினிக்கில நாங்க சொல்றது ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் எண்டுதான். நீங்க சொன்ன ஈத்தம்பழம் தொட்டு வைக்கிற தஹ்னீக் செய்யிற குடும்பம் எண்டா, கழுவின ஈத்தம்பழத்தைக் கொட்டையும் தோலும் நீக்கி, கொதிச்சாறின தண்ணியில மசிச்சு, சுத்தமான விரல் நுனியில ஈரம் மட்டும் தொட்டு அண்ணத்தில தடவச் சொல்லுங்க. துண்டு போகக் கூடாது. பெரியவங்கட வாயில மென்று எடுத்தா அவங்கட வாயில இருக்கிற கிருமியும் சேர்ந்து போகும். பிறகு சோறூட்டக்குள்ளயும் இதே கதைதான், கரண்டியை வாயில வச்சுச் சூடு பார்க்கிறது, மென்று குடுக்கிறது எல்லாத்தாலயும் சூத்தைக் கிருமி பிள்ளைக்குக் கடக்கும். சூடு பார்க்க மணிக்கட்டில ஒரு சொட்டு விட்டாப் போதும்.

வசம்பும் வேணாம், தங்கச்சி. அதில இருக்கிற அசரோன் எண்டது நல்லதில்ல, சத்தியும் மயக்கமும் வரலாம். அம்மம்மாவுக்கு மனசு நோகாம, முரசு தேய்க்கிற வேலையை அவவிட்டக் குடுங்க. கையைக் கழுவச் சொல்லிப்போட்டுத்தான்.

படுவான்கரை:

தண்ணீரைப் பற்றி ஒரு விசயம். கரையோர மணலில் கிணறு உள்ளவர்களுக்கும், உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருபவர்களுக்கும் இது பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அம்பாறையின் உட்பகுதிகளிலும் எங்கள் பக்கத்துப் பாறை நிலத்திலும் ஆழமான குழாய்க்கிணறு வைத்திருப்பவர்கள், அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க முதல் புளோரைட் எவ்வளவு என்று பரிசோதித்துப் பார்க்க வேண்டும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், எங்களைப் போல் வெயிலில் தண்ணீர் அதிகம் குடிக்கிறவர்களுக்கு அதைவிடக் குறைவாக இருப்பதே நல்லது. கொதிக்க வைத்தால் புளோரைட் போகாது. நீர் ஆவியாகிப் போக, மிஞ்சிய நீரில் செறிவு கூடும். மண் வடிகட்டியும் அதைப் பிடிக்காது, ஆர்.ஓ. வடிகட்டி பிடிக்கும். நிலைப்பல்லின் மிளிரி முரசுக்குள் உருவாகும் முதல் மூன்று வருடத்தில் உள்ளே போகிறதுதான் பின்னால் வெள்ளைத் திட்டாகவும் கபிலக் கறையாகவும் தெரியும்.

பல் வைத்தியம்_கல்முனை:

சரியான தகவல். ஒரு திருத்தம் மட்டும் சேர்க்கிறேன்: இதைக் கேட்டுவிட்டு அங்குள்ளவர்கள் புளோரைட் பேஸ்ட்டை நிறுத்த வேண்டாம். பேஸ்ட் பல்லின் மேற்பரப்பில் வேலை செய்கிறது, கறை பெரும்பாலும் விழுங்கும் தண்ணீரால் வருகிறது. அரிசி மணி அளவைக் கடைப்பிடித்து, பேஸ்ட் குழாயைப் பிள்ளையின் கைக்கு எட்டாமல் வைத்தால் போதும்.

களுவாஞ்சிக்குடி தாய்:

எல்லாருக்கும் நன்றி. துடைச்சுப் பார்த்தன், வெள்ளை துணியோட வந்திட்டு, அது பால்தான். ஜெல்லை எறிஞ்சாச்சு. இன்னும் ரெண்டு கேள்வி. பல்லு வந்த பிறகு விரலைக் கடிச்சா என்ன செய்யிறது? மற்றது, முதல் பல்லுக்குக் கொழுக்கட்டை அவிக்கக்குள்ள பிள்ளைக்கும் கொஞ்சம் குடுக்கலாமா? கிளினிக்கில இரும்புச்சத்துப் பாணி தந்தாப் பல்லுக் கறுக்கும் எண்டும் சொல்றாங்க.

மிட்வைஃப்_வாழைச்சேனை:

பாணியைச் சிறிஞ்சால கன்னத்தின் உட்பக்கம் பின்னால விடுங்க, பல்லில படாது. பிறகு ரெண்டு வாய் தண்ணி, ஆறு மாதம் முடிஞ்ச பிள்ளைக்கு. படிஞ்ச கறுப்பு மேல்கறைதான், சூத்தை இல்ல, பல் வைத்தியர் துடைச்சு எடுப்பார்.

கொழுக்கட்டையைத் தலையில கொட்டி வாழ்த்துங்க, வாய்க்குக் குடுக்க வேணாம். பல்லு மாதிரிக் குத்தி வைக்கிற தேங்காய்ச் சொட்டுத் தொண்டையில சிக்கிற அளவு. கொட்டின பிறகு பாயில சிந்தினதையும் கையோட பொறுக்கி எடுங்க, தவழுற பிள்ளை அதைத்தான் தேடும். உள்ளுக்கு வைக்கிற பயறும் சக்கரையும் ஒரு வயசுக்குப் பிறகு பார்ப்பம்.

பல் வைத்தியம்_கல்முனை:

கடிக்கு: விரலைப் பல்லுக்கு நடுவில் விடாதீர்கள். உதட்டு மூலையால் கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் நுழைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பல் முளைக்காத முரசின் மேல் விரலை வையுங்கள், வாய் தானாகத் திறக்கும். கடித்துவிட்டால் இழுக்க வேண்டாம், இழுத்தால் தோல் கிழியும். மூக்கைப் பிடிக்கவும் வேண்டாம். மற்றக் கையால் நாடியை மெல்லக் கீழே அழுத்துங்கள், விடுவான். இரண்டு பேர் இருந்தால் இன்னும் சுலபம்: எதிரெதிரே முழங்கால் முட்ட உட்கார்ந்து, பிள்ளையின் தலை உங்கள் மடியிலும் கால்கள் மற்றவர் இடுப்பின் இரு பக்கமும் வரும்படி கிடத்துங்கள். கையை அவர் பிடித்துக்கொள்ள, நீங்கள் மேலிருந்து வாயைப் பார்க்கலாம். இரண்டு பல்லுக்கு இருபது செக்கன் தாராளம்.

முதல் பிறந்தநாளுக்குள் ஒரு தடவை பல் வைத்தியப் பிரிவுக்குக் கொண்டு வாருங்கள், வலி வந்த பிறகு இல்லை. வரும்போது கிளினிக் கொப்பியையும், ராவில் என்ன குடிக்கிறான் என்று ஒரு துண்டில் எழுதியும் கொண்டு வாருங்கள்.